கம்பத்து டீசல் பட்டறை: நின்றுபோன ஜீப்பில் பழுது கண்டுபிடிக்கும் முறை

கம்பம் நகரிலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலையில், மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு டீசல் பட்டறை இருக்கிறது. வண்டன்மேடு, புற்றடிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் உரமூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகள் பல இங்கேதான் பழுதுபார்க்கப்படுகின்றன. எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள் என்பதே இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

எங்களுடையது 1990களில் வந்த மகிந்திரா எம்எம் 540. பிரான்சின் பியூஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மகிந்திரா தயாரித்த எக்ஸ்டிபி 4.90 எஞ்சின், நான்கு சிலிண்டர், 2112 சிசி. ஸ்கேனரைச் செருகிப் பார்க்க இதில் எந்தக் கணினியும் கிடையாது. பழுதைப் பார்த்தும் கேட்டும்தான் அறிய வேண்டும். உரம் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகையில் வண்டி இழுவை குறைந்து, திணறி, நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. முதலில் பார்த்த ஓர் ஒர்க்‌ஷாப்பில், ஒரு நட்டைக்கூடத் தளர்த்திப் பார்க்காமல், டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப் போய்விட்டது, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் சேர்த்துக் கழற்றியாக வேண்டும், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையும் இறக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். அதனால்தான் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு அடிவாரத்துப் பட்டறைக்கு வந்தோம்.

இங்குள்ள மூத்த மெக்கானிக் சாவியை வாங்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். “தண்ணியில எறக்குனீங்களாண்ணே?” என்பது முதல் கேள்வி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஓடைகளைக் கடக்கும்போது காற்று உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், செல்ஃபைத் தொடவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடுத்தது, “பட்டுன்னு நின்னுச்சா, தெணறி நின்னுச்சா?” பட்டென்று நின்றால் பம்பை ஓட்டும் பாகம் உடைந்ததோ எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும், திணறி நின்றால் பெரும்பாலும் டீசல் போதவில்லை என்று பொருள். கொஞ்ச நாளாகக் காலையில் செல்ஃபை நீளமாக அடிக்க வேண்டியிருந்ததா என்றும் கேட்டார். ஆமாம் என்றதும் தலையசைத்தார்.

பிறகு ஆயில் குச்சியை உருவி, ஆயில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். எஞ்சின் ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லி, நீரில் குமிழ் வருகிறதா என்று கவனித்தார். இரண்டிலும் குறையில்லாததால், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் மீதான சந்தேகம் பின்னுக்குப் போனது. அடுத்து சைலென்சரைப் பார்த்தார். செல்ஃப் சுற்றும்போது வெண்புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் வலு), டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்), ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யச் சூடு தருவது) என்று தேட வேண்டும். எங்கள் வண்டியில் புகையே இல்லை. டீசல் உள்ளே போகவே இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. நாசிலுக்குப் போகும் பைப்பின் யூனியன் நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தபோது காற்று கலந்த நுரைதான் வந்தது. அந்த இடத்தில் விரலை வைக்காதீர்கள் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

அதன் பிறகு செய்த சோதனைதான் என்னை மிகவும் கவர்ந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயை, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் வாயில் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு கேனை பானட்டுக்கு மேலே உயரமாகத் தொங்கவிட்டு, மருத்துவமனையில் சலைன் ஏற்றுவதுபோல உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக நேரே பம்புக்குக் கொடுத்தார். ஏர் எடுத்து, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி முடித்து, செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்து, சீராக ஓடியது. பம்ப், நாசில், ஹெட் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, பழுது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் மட்டுமே இருக்கிறது என்பது எந்தப் பாகத்தையும் பிரிக்காமல் உறுதியானது. டேங்கின் அருகே, கிளிப்புக்கு அடியில், ரப்பர் ஹோஸ் வெப்பத்தில் விறைத்து மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது.

ஒரு சொட்டு டீசல்கூட வெளியே கசியாததற்கான காரணத்தையும் அவர் சொன்னார். ஃபீட் பம்ப் டீசலை இழுக்கும் பக்கம் அது. அங்கே வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கம் உயர்வதால் பின்னாலிருக்கும் டேங்க் எஞ்சினைவிடத் தாழ்ந்துபோகிறது. பாரத்தோடு ஏறும் எஞ்சினுக்கு டீசலும் அதிகம் வேண்டும். பம்ப் வலுவாக இழுக்க இழுக்கக் காற்றும் சேர்ந்து வந்திருக்கிறது. இரவில் நிற்கும்போது அதே வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பியதுதான் காலைத் தொல்லைக்கும் காரணம்.

ஹோஸ், கிளிப்புகள், டீசல் ஃபில்டர் மாற்றியதற்குக் கூலியுடன் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் ஆனது. கழற்றிய ஹோஸைக் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னார்.

குறைகளும் உண்டு. அச்சடித்த பில் கிடையாது. உதிரிபாகங்களின் விலையைத் தாளில் எழுதித் தருகிறார்கள், நாம் கேட்க வேண்டும். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் தோட்ட ஜீப்புகளுக்கே முதலிடம் என்பதால் காத்திருக்க நேரும். வயரிங், டைனமோ வேலைகளை வேறு கடைக்கு அனுப்புகிறார்கள். கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சின் உள்ள புதிய வண்டிகளை எடுப்பதே இல்லை. அவற்றுக்கு ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். வண்டியை நகர்த்தவே முடியாவிட்டால், மெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கமும் கேனும் அந்தக் குழாயும் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். போக்குவரத்துச் செலவு நம்முடையது.