பின் ஸ்பிரிங்கை மாற்றப் போய் ஸ்டியரிங் கெட்ட கதை

பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 வைத்திருப்பவர்கள், ஸ்பிரிங் மாற்றும் யோசனை இருந்தால் இதைப் படித்துவிட்டு வண்டியை ஒர்க்ஷாப்பில் விடுங்கள்.

என் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்திருந்தது. பழைய சொகுசு வண்டிகளை மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன ஒரு ஒர்க்ஷாப்பில் கொடுத்தேன். "கம்பெனி ஸ்பிரிங்தான் சார், அதே நம்பர்" என்றார்கள். எடுக்கப் போனபோது வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. "புதுசு இல்லையா, ஓட ஓட செட் ஆயிடும்." பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன், இரும்புக்கடைக்குப் போய்விட்டதாம். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2,000 கிலோமீட்டர் ஓடியும் ஒன்றும் செட் ஆகவில்லை. முன்பெல்லாம் வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால், ஸ்டியரிங் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு தானாக நடுவுக்கு வரும். இப்போது பாதி வழியிலேயே சோம்பி நின்றது. நேர் சாலையில் 80-ல் போனாலும் சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். லாரி கடந்தால் வண்டி ஒரு ஆட்டம் ஆடும்.

திரும்பப் போனேன். மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தார்கள். மூன்று முறையும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, அதை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் கரெக்ட்" என்றார்கள். அப்புறம் பழி ஸ்டியரிங் பாக்ஸ் மேல் விழுந்தது. அதன் மேலிருக்கும் திருகை இறுக்கிவிட்டார்கள், அதற்குத் தனிக் கூலி. அதன்பின் நடுவிலேயே ஸ்டியரிங் பிடித்துக்கொண்டது.

கடைசியில் வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. டேப்பை எடுத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். ஸ்பிரிங் மாற்றாத இன்னொரு டபிள்யூ123-ஐ விட என் வண்டியின் பின்பக்கம் 40 மி.மீ. உயரம். இரண்டு அச்சுக்கும் நடுவே 2,795 மி.மீ.; பின்பக்கம் அவ்வளவு தூக்கினால் வண்டியே முன்னால் குனிந்து, முன் சக்கரத்தின் கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், 0.8 டிகிரி போல் குறைந்துவிடும். ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுத்து வருவதே அந்தக் கேஸ்டர்தான். போதாததற்குப் பின் சக்கரங்களும் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருந்தன.

வெர்னியரை வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங்கின் கம்பி 1 மி.மீ. தடிமன் அதிகம். அதனால் என்ன என்றுதான் நானும் கேட்டேன். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறுமாம்: 15 மி.மீ. கம்பி 16 ஆனாலே கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடும். அதிக பாரம் ஏற்றும் வண்டிக்கான ஏதோ பொது ஸ்பிரிங்கை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வண்டிகளுக்கு "அதே மாடல்" என்று சொல்லி ஸ்பிரிங் வாங்கக் கூடாது. ஏசி, சன்ரூஃப் என்று வண்டியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கம்பெனி புள்ளி வைத்திருக்கிறது. கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் ஸ்பிரிங்கும், அதன்மேல் உட்காரும் ரப்பர் பேடின் தடிமனும். பேடில் இருக்கும் மொட்டுகளை எண்ணினால் தடிமன் தெரிந்துவிடும். கழற்றும் முன் ஸ்பிரிங் நுனியிலுள்ள எண்ணையும் பெயின்ட் கோட்டையும் போட்டோ எடுங்கள், நாலு மூலை உயரத்தையும் எழுதிவையுங்கள். பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியான ஸ்பிரிங் போட்டு, உயரம் ஒத்துவந்த பிறகு அலைன்மென்ட் பார்த்தோம். ஸ்டியரிங் மறுபடி வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வருகிறது. முதல் ஒர்க்ஷாப் அலைன்மென்ட் கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தது. இறுக்கிய பாக்ஸைத் தளர்த்தியாயிற்று, ஆனாலும் நடுவில் முன்பு இல்லாத ஒரு சிறு ஆட்டம் இருக்கிறது.