‘விபேக் பேக்கேஜ்’ என்று முன்பணம் கேட்கும் மருத்துவமனைகள், உஷார்! என் 65,000 ரூபாய் போச்சு

முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவதாவது நார்மலாக ஆகுமா என்று தேடிக்கொண்டிருக்கும் கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். கோவையில் ஒரு தனியார் தாய்சேய் மருத்துவமனை, ‘சிசேரியனுக்குப் பிறகும் சுகப்பிரசவம்’ (ஆங்கிலச் சுருக்கத்தில் ‘விபேக்’) என்ற பேக்கேஜுக்கு என்னிடம் 65,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடைசியில் சிசேரியன் செய்து, அதையும் நானே ஆசைப்பட்டுக் கேட்டதாக எழுதி அனுப்பிவிட்டது. தையல் இன்னும் சுரீர் என்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

‘சிசேரியன் ஆனா என்ன, குறைஞ்சா போயிட்டே?’ என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: இல்லை, குறையவில்லை. இரண்டாவது முறையும் சிசேரியன் என்று நானே யோசித்து முடிவு செய்திருந்தால் நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பேன். என் பிரச்சினை, முடிவெடுக்கும் உரிமையை அவர்கள் எனக்குக் காசுக்கு விற்றுவிட்டு, அதையும் கொடுக்காமல் விட்டதுதான்.

என் பையன் பிறந்தபோது அவனுக்குத் தலை மேலே, கால் கீழே. அதனால் சிசேரியன். அடுத்த குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடைவெளியும் மூன்று வருஷத்துக்கு மேல். அதனால் நார்மலுக்கு முயற்சி செய்து பார்க்கலாமா என்று முதல் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “உனக்கு ட்ரை பண்ணலாம்மா, தப்பில்ல. ஆனா என் கிளினிக்ல ராத்திரி மயக்க டாக்டர் கிடையாது. பழைய தையல் விட்டுச்சுன்னா நிமிஷக் கணக்குல தியேட்டருக்குள்ள போகணும். என்னால முடியாது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போ, இல்லன்னா என்கிட்ட சிசேரியன் பண்ணிக்க.” அந்த நேரத்தில் அது மனசுக்கு வருத்தமாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னிடம் நேர்மையாகப் பேசிய ஒரே டாக்டர் அவர்தான்.

அப்புறம்தான் இன்ஸ்டாகிராமில் அந்தத் தனியார் மருத்துவமனையின் வீடியோக்கள் வர ஆரம்பித்தன. ஊதா நிற அறை, மஞ்சள் விளக்கு, பெரிய பந்தின் மேல் உட்கார்ந்து சிரிக்கும் கர்ப்பிணி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அதாவது என்னைப் போல் வயிற்றில் தழும்போடு இரண்டாவது குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

நேரில் போனோம். நான் விழுந்த இடம் இதுதான். அந்த டாக்டர் என் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கினார். கர்ப்பப்பையை எப்படிக் கீறினார்கள் என்ற வரியைத் தேடிப் பிடித்து, பென்சிலால் அடிக்கோடு போட்டார். “கீழ்ப்பகுதியில குறுக்குவாட்டுல வெட்டியிருக்காங்க. ரொம்ப நல்லது. மேலே நீளவாக்குல வெட்டியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்” என்றார். இப்படி முயற்சி செய்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்கு நார்மல் ஆகிறது, தழும்பு கிழிவது ஏறக்குறைய 200-க்கு ஒருவருக்குத்தான், அடுத்தடுத்து சிசேரியன் செய்துகொண்டே போனால் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும் என்றெல்லாம் படம் வரைந்து காட்டினார். இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் எங்காவது சிக்கியிருப்பார், உண்மையைச் சொல்லியே கவிழ்த்துவிட்டார். வெளியே வந்ததும் என் மாமியார், “வெவரமான டாக்டரா இருக்குதுங்கண்ணு, பணத்தக் கட்டிப்போடலாம்” என்றார். எதற்கும் லேசில் ஒத்துக்கொள்ளாத மனுஷி அவர்.

65,000 ரூபாய். ஜிபேயில் என் கணவர் அங்கேயே நின்று அனுப்பினார். இதில் வகுப்புகள், தனி பிரசவ அறை, எந்த நேரமானாலும் அதே டாக்டர் வருவது எல்லாம் அடக்கம் என்றார்கள். கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு வரி இருந்தது: மருத்துவக் காரணத்துக்காக சிசேரியன் செய்ய நேர்ந்தால் 65,000-த்தை பில்லில் கழித்துக்கொள்வோம், நோயாளி தானாகக் கேட்டால் கழிக்க மாட்டோம். ரிசப்ஷன் பெண் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, “உங்களுக்கு ரிஸ்க்கே இல்லக்கா” என்றாள்.

வகுப்புகள் நடந்தன. மூச்சுப் பயிற்சி, பந்து, பேரீச்சம்பழம். பேரீச்சம்பழத்தைப் பற்றி மட்டும் ஒரு முழு வகுப்பு! ராத்திரி வலி வந்தால் மயக்க மருத்துவர் இருப்பாரா என்று நான் கேட்டதற்கு, “எல்லாம் அவைலபிள் மேடம், பாசிட்டிவா நினைங்க” என்று பதில் வந்தது.

வலி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. நல்ல வலி, இயற்கையாக வந்த வலி. போனோம். டாக்டர் இல்லை, போனில் இருந்தார். டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். முந்தைய ஸ்கேனைப் புரட்டிவிட்டு, குழந்தை 3.7 கிலோ, கஷ்டம் என்று ஆரம்பித்தார். ஸ்கேனில் காட்டும் எடை நிஜ எடையிலிருந்து 10, 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்று அவர்கள் வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் என்ன அவசரம் என்றால் பதில் இல்லை. வயிற்றில் கட்டியிருந்த இதயத்துடிப்பு பெல்ட்டைச் சரிசெய்ய வந்த சிஸ்டர்தான் வாய்தவறிச் சொன்னார்: “மயக்க டாக்டர் சார் பத்து மணிக்கு மேல வர மாட்டாருக்கா. நாளைக்கும் லீவு. அதுக்குள்ள முடிக்கச் சொல்றாங்க.”

கேட்டுக்கொண்டீர்களா? என் பழைய டாக்டரம்மாவிடம் எது இல்லையோ, அதேதான் இங்கேயும் இல்லை. அவர் இல்லை என்று இலவசமாகச் சொன்னார், இவர்கள் இருக்கிறது என்று சொல்லி 65,000 வாங்கினார்கள்.

மயக்க மருத்துவர் இல்லாத ராத்திரியில், தழும்புள்ள வயிற்றோடு வலியெடுத்துக்கொண்டே காத்திருப்பது ஆபத்து. அதனால் வேறு வழியே இல்லை. என் கணவர் கீழே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், கிளிப் போட்ட அட்டையில் ஆங்கிலத் தாள் ஒன்று நீட்டப்பட்டது. “ஃபார்மாலிட்டிதான்க்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்.” பேனாவை, தாளை நீட்டிய பெண்ணே மூடி கழற்றிக் கையில் கொடுத்தாள். போட்டேன்.

பாப்பா நல்லபடியாகப் பிறந்தாள். எடை 3.1 கிலோ.

டிஸ்சார்ஜ் அன்று பில் 1,18,000. 65,000 கழிக்கப்படவில்லை. சம்மரியில், ‘நார்மலுக்கு முயற்சி செய்ய நோயாளிக்கு விருப்பமில்லை, அவர் கேட்டுக்கொண்டபடி சிசேரியன்’ என்று இருந்தது. விருப்பமில்லையாம்! ஒன்பது மாதமாக விருப்பத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லாதவளுக்கு.

பில்லிங் கவுண்டரில் கேட்டால், பி.ஆர்.ஓ.வைப் பாருங்கள். பி.ஆர்.ஓ.விடம் போனால், டாக்டர் தியேட்டரில் இருக்கிறார். மருத்துவமனையின் ஆலோசகர் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. வகுப்பு நடந்த நாட்களில் தினம் காலையில் பூப்படம் போட்டு ‘குட் மார்னிங் அம்மா’ அனுப்பியவர் இவர்தான். கடைசியில் டாக்டரைப் பிடித்தபோது அவர் சொன்னது: “குழந்தை நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன வேணும் உங்களுக்கு?” இதைச் சொன்னால் எந்தத் தாயும் வாயை மூடிக்கொள்வாள் என்று அவர்களுக்குத் தெரியும். என் கணவர் கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டதும் அன்றைக்கே போன் வந்தது. அதை எடுத்துவிட்டால் தடுப்பூசிக்கு 5,000 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்களே, உங்கள் கூப்பன் எதற்கு? கொடுக்க வேண்டியது 65,000.

சரி, கவனிக்க வேண்டியவை. நிறைய எழுத நினைத்தேன், பாப்பா விடமாட்டாள் போலிருக்கிறது. மயக்க மருத்துவர் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கட்டடத்துக்குள்ளேயே இருப்பாரா என்று கேளுங்கள், ‘கூப்பிட்டால் வருவார்’ என்பது பதில் இல்லை. ரத்தம் கையிருப்பு உண்டா என்றும் கேளுங்கள். முன்பணம் கட்டாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் எங்கேயும் போகாதீர்கள். வலியில் இருக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூக்கைச் சுளிக்காதீர்கள், நான் கேட்டதெல்லாம் அங்கே ராத்திரி பகலாக இருக்கிறது. முக்கியமாக, இதைப் படித்த கோபத்தில் ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பழைய தழும்பு இருப்பவர்களுக்கு அது உயிரோடு விளையாட்டு.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நாங்கள் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் மனு அனுப்பியிருக்கிறோம்.

என் கேஸ் ஷீட் நகல் இதுவரை வரவில்லை. ‘ரெக்கார்டு செக்‌ஷன் ஆள் லீவு’ என்கிறார்கள். 65,000-மும் வரவில்லை.