மூட்டுவலிக்கு பாராசிட்டமாலா, டைக்ளோஃபெனாக்கா?

முழங்கால் தேய்மான வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை நன்றாகவே கேட்கும். பாராசிட்டமால் அந்த அளவுக்குக் கேட்காது. ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கணக்கு வேறு. டைக்ளோஃபெனாக் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கலாம். மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைதான். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்தால், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறலாம். வயிற்றுப்போக்கு வந்த நாளில் இன்னும் மோசம். மெடிக்கலில் சீட்டில்லாமல் தரும் ‘வலி மாத்திரை’யிலும் டைக்ளோஃபெனாக் இருக்கலாம், அட்டையில் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 3 கிராமுக்குள். சளி மாத்திரையிலும் அதே மருந்து ஒளிந்திருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

முழங்கால் மட்டும் வலித்தால், மாத்திரையைவிட டைக்ளோஃபெனாக் ஜெல்லே மேல்: ரத்தத்தில் கலப்பது சொற்பம்.