லேமிங்டன் ரோட்டில் ஆபீஸ் ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? 28,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, போட வேண்டும். வாடிக்கையாளர்கள் போன் மேல் போன். நாங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தட்டுத் தடுமாறி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம். மும்பை லேமிங்டன் ரோட்டில் ஒரு நெட்வொர்க் சாமான் கடை எங்கள் தலையில் கட்டிய ரவுட்டர்தான் காரணம். 28,500 ரூபாய். சின்ன ஆபீசுக்கு ரவுட்டர் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் எவ்வளவு எழுதுவேன் என்று தெரியவில்லை.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரிசையாக வருமே, ரவுட்டர், ஸ்விட்ச், சிசிடிவி எல்லாம் கூரை வரை அடுக்கி வைத்த கடைகள், அதில் ஒன்று. அந்தத் தெருவில் நல்ல கடைகளும் இருக்கின்றன. எங்கள் பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் அங்கே வாங்கியவைதான்.

எங்களுடையது செம்பூரில் எட்டுப் பேர் வேலை செய்கிற கணக்கு ஆபீஸ். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் அது படுத்துவிடும் என்பதால் வேறு கம்பெனியின் லைன் இன்னொன்று. ஒன்று போனால் மற்றதுக்குத் தானாக மாற வேண்டும், அதாவது டூயல் வான். ஆபீசில் இருக்கிற டேலி கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்து பாதுகாப்பாகத் திறக்க விபிஎன். கேபிள் செருகுகிற போர்ட்டுகள் எல்லாம் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதியே கொண்டுபோனேன்.

நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. திருநெல்வேலிப் பக்கம். ஸ்டூல் போட்டார், கட்டிங் சாய் சொன்னார், தாராவியில் தன் மாமா கடை வைத்த கதையைச் சொன்னார். ஆன்லைனில் ஒரு தடவை விலை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "ஆன்லைன்ல வாங்கி நின்னு போச்சுன்னா யார்ட்ட போயி நிப்பிய சார்? இங்கன்னா நான் இருக்கேன்லா!" என்றார். என் தாளை வாங்கி, டூயல் வான், விபிஎன், கிகாபிட் என்று ஒவ்வொன்றாகத் தன் பேனாவாலேயே டிக் அடித்தார். புத்தம்புது பெட்டி ஒன்றைக் காட்டினார். மூன்று வருட வாரண்டி, பையன் வந்து மாட்டிக் கொடுப்பான், எல்லாம் சேர்த்து 28,500. யுபிஐயில் அனுப்பினேன். "நம்மாளுக்குக் கெட்ட சாமான் கொடுத்துட்டு நான் ஊர்ல போயி எப்படி முழிப்பேன்?" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சாயங்காலம் பையன் வந்தான். கையில் ரவுட்டரும் அடாப்டரும் ஒரு பிளாஸ்டிக் பையில். பெட்டி எங்கே என்றால், "வாரண்டிக்கு வேணும்னு அண்ணாச்சி கடையிலயே வெச்சிருக்கார்" என்றான். உயரத்தில் ஆணி அடித்து மாட்டினான், விளக்கு எரிந்தது, போய்விட்டான்.

வேகம் 94 எம்பிபிஎஸ். காலையில் 94, மதியம் 94, எல்லோரும் போன பிறகும் 94. விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணே போதும். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் மேல்செலவு போக நிஜத்தில் கிடைப்பது 94, 95 தான். 300 லைனைக் கொண்டுபோய் அதில் செருகினாலும், 1000 லைனைச் செருகினாலும் அவ்வளவுதான் வரும்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டால், உங்கள் பிராட்பேண்ட்காரன்தான் ஏமாற்றுகிறான் என்றார். பிராட்பேண்ட் ஆளை வரவழைத்தோம். அவர் லைனை நேராக லேப்டாப்பில் செருகினார், 290-க்கு மேல் காட்டியது. அதைப் படம் எடுத்து அனுப்பினால், அப்போ உங்கள் கேபிள் சரியில்லை, கேட்-6 போட வேண்டும், அதற்குத் தனியாகக் காசு என்று பதில். கேட்-5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். அதே கேபிளில்தான் லேப்டாப்புக்கு 290 வந்தது! அதன் பிறகு அண்ணாச்சி போனை எடுப்பதில்லை. எடுக்கிற பையன் "ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருக்கார்" என்பான். வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் வரும்.

கடைசியில் கூட வேலை செய்பவரின் மகன், இன்ஜினியரிங் படிக்கிற பையன், ரவுட்டரைக் கீழே இறக்கிப் பார்த்தான். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று அடித்தவுடன் உள்ளே போய்விட்டது. அங்கே எங்களுக்கு முன்னால் குடியிருந்தவரின் சாமான்கள் அப்படியே இருந்தன. யாரோ ஒருவருடைய பிராட்பேண்ட் யூசர்நேம். கருவிகளின் பட்டியலில் 'ரிசப்ஷன்', 'டாக்டர் கேபின்'. 37777 என்ற எண்ணுள்ள போர்ட், அதாவது இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வருகிற வழி, திறந்து கிடந்தது. சிசிடிவி படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர்களில் வழக்கமாக வருகிற போர்ட் அது. ஏதோ ஒரு கிளினிக்கில் கழற்றிப் போட்டதைத் துடைத்துக் கொண்டுவந்து எங்களுக்கு மாட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே நுழைகிற ரிமோட் மேனேஜ்மென்ட்டும் ஆனில் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களில் எத்தனை பேருடைய பான், பேங்க் விவரம் இருக்கிறது தெரியுமா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

அடியில் இருந்த சீரியல் எண்ணைக் கம்பெனியின் சேவை எண்ணில் சொன்னால், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, இந்த மாடலையே நிறுத்திவிட்டோம் என்கிறார்கள்.

நேரில் போனேன். ஊர்க் கொடைக்குப் போனவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை ஸ்டூலும் இல்லை, சாயும் இல்லை, தமிழும் இல்லை, முழுக்க இந்தி. "நீங்கள் காட்டுகிற ரவுட்டர் நான் கொடுத்ததுதான் என்று எப்படி நம்புவது?" பில்லை நீட்டினேன். ஜிஎஸ்டிக்கான பொருள் குறியீடு எச்எஸ்என் 8517 சரியாக இருக்கிறது, 18 சதவீத வரி சரியாக இருக்கிறது, பொருளின் பெயர் 'நெட்வொர்க் ரவுட்டர் - 1'. மாடலும் இல்லை, சீரியலும் இல்லை. பெட்டியை ஏன் வைத்துக்கொண்டார் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. புதுப் பெட்டி அடுத்த ஆளுக்குக் காட்ட அங்கேயே அலமாரியில் இருக்கிறது. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்பதை விரலால் தட்டிக் காட்டினார்.

இதைப் படித்துவிட்டு "நீங்கள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்ல வருபவர்கள் தயவுசெய்து வேண்டாம். திருடியது அவர்.

அந்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். ஆபீசுக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டம் வராது என்றும் மிரட்டினார். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கியதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. எட்டுப் பேர் ஆபீஸ் அதில் வருமா என்பதை வாதாடித்தான் பார்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் எண் வாங்கியாயிற்று. 28,500-இல் ஒரு பைசா இன்னும் வரவில்லை.

சரி, அவசரமாகச் சில விஷயங்கள். மாடல், சீரியல், ஹார்ட்வேர் வெர்ஷன் மூன்றும் பில்லில் ஏறாமல் பணம் அனுப்பாதீர்கள். பெட்டி உங்கள் கைக்கு வர வேண்டும், சீரியல் பெட்டியிலும் ரவுட்டரின் அடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் நிற்கும்போதே கம்பெனிக்குப் போன் போட்டு வாரண்டியைக் கேளுங்கள். பெட்டி மேல் 1200 என்று போட்டிருப்பது வைஃபை பேண்டுகளைக் கூட்டிச் சொல்கிற கணக்கு. 1200 என்று போட்டுவிட்டு 100 எம்பிபிஎஸ் போர்ட் வைத்த ரவுட்டர்கள் நிறைய இருக்கின்றன, போர்ட் வேகத்தைத் தனியாகப் பாருங்கள். அடாப்டரில் பிஐஎஸ் தரப் பதிவு எண் (ஆர் என்று தொடங்கும்) இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுடையதில் இல்லை. மாட்ட வந்த பையன் வாசலைத் தாண்டுவதற்குள் பாஸ்வேர்டை மாற்றி, ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். விபிஎன் பற்றியும் எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை, 3பி போட வேண்டும்.