பார் வீதியில் எந்த பார்?

மட்டக்களப்பு பார் வீதியின் பெயர்ப்பலகையைக் கண்டதும், "இஞ்ச எத்தனை பார் இருக்கு மச்சான்?" என்று கேட்டார் கொழும்பு நண்பர். அவர் நினைத்தது மதுக்கடை.

இந்த வீதி பாலமீன்மடுவில், 1913இல் கட்டிய 28 மீற்றர் உயர வெளிச்சவீட்டுப் பக்கம் போகிறது. அங்கே வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வாயை அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த மணல்திட்டும் 'பார்'தான். மாரி வெள்ளம் ஏறினால் அதை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள்.

மதுக்கடை பாரோ, குடிப்பவருக்கும் ஊற்றுபவருக்கும் நடுவே நிற்கும் மேசைத் தடுப்பால் வந்த பெயர். சட்டத்தரணிகளின் 'பார்' நீதிமன்றக் கம்பித் தடுப்பு. ஆக, எல்லாமே தடுப்புத்தான். சவர்க்காரக் கட்டியை 'பார்' என்பது மட்டும் நீளக் கம்பி என்ற பழைய பொருளில்.

மதுக்கடை பார், மணல் பார் இரண்டில் எனக்கு மணல் பார்தான் பிடிக்கும். மன்னார்ப் பக்கம் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டையும் 'பார்' என்பார்கள், ஆனால் அது தமிழ்ச் சொல். நண்பருக்கு இதைச் சொன்னேன். "சரி, மற்ற பார் எங்க?" என்றார்.