‘அளவெடுத்துச் செய்தது’ என்று விற்ற ரெடிமேட் இன்சோல்: குதிகால் வலிக்காரர்கள் கவனத்துக்கு

குதிகால் வலிக்கு, ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். ‘உங்கள் பாதத்துக்கென்றே செய்தது’ என்று சொல்லி, அதற்கான விலையும் வாங்கிக்கொண்டு, என் தலையில் கட்டியது ரெடிமேட் சரக்கு.

அளவெடுத்ததாகக் கடைக்காரர்கள் சொன்னது, பாதம் அழுத்தும் இடங்களைத் திரையில் காட்டும் ஒரு விரிப்பில் (பிரஷர் மேட்) என்னை நிற்க வைத்ததைத்தான். திரையில் குதிகால் சிவப்பாகத் தெரிந்தது. "பாருங்க, எவ்வளவு அழுத்தம்!" என்றார்கள். சும்மா நிற்கும்போது எடையில் பெரும்பங்கு குதிகாலில்தான் இறங்கும். வலியே இல்லாதவரை நிறுத்தினாலும் அந்த இடம் சிவக்கும். தவிர, மேட் காட்டுவது அழுத்தத்தை. பாதவளைவின் உயரமும் வடிவமும் அதில் பதியாது. அதற்கு பிளாஸ்டரிலோ ஃபோம் பெட்டியிலோ அச்சு எடுக்க வேண்டும், இல்லையென்றால் முப்பரிமாண ஸ்கேன் வேண்டும்.

வந்த இன்சோலின் மேடு பாதவளைவில் உட்காராமல் குதிகாலை ஒட்டி முட்டியது. கொஞ்சம் நடந்தாலே எரிச்சல், அப்புறம் மரத்துப்போதல். கேட்டால், "பழகப் பழகச் சரியாயிடும்." புது இன்சோலை முதலில் கொஞ்ச நேரம் போட்டு, மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பது உண்மைதான், லேசான உறுத்தலும் சகஜம். ஆனால் மரத்துப்போவதும் கொப்புளமும் அந்தக் கணக்கில் சேராது.

ஒருநாள் மேலுறை ஓரத்தில் பிரிந்தது. உள்ளே பிளாஸ்டிக்கில் வார்த்த சைஸ் எண்! என் இடது பாதம் வலதைவிடத் தட்டை. இன்சோல் இரண்டிலுமோ மேடு ஒரே உயரம். படமெடுத்து அனுப்பியதும், அவர்கள் பேச்சில் அது ‘செமி கஸ்டம்’ (பாதி அளவெடுத்தது) ஆகிவிட்டது. பணம்? காலில் போட்டதைத் திரும்ப வாங்க மாட்டார்களாம்.

ரெடிமேட் மட்டம் என்று சொல்லவில்லை. பிளான்டார் ஃபேசியைடிஸ் (குதிகால் வலி தரும் உள்ளங்கால் திசுப் பிரச்சினை) உள்ள 135 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ரெடிமேடும் அளவெடுத்துச் செய்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அதுவும் சுமாரான பலன். ஓராண்டு முடிவில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே ஆய்வில் கொடுத்த போலி இன்சோலோடு ஒப்பிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. சாதாரணக் குதிகால் வலிக்கு முதலில் ரெடிமேடைப் போட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை, ரெடிமேட் விலைக்குக் கொடுத்தால்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம். உறுத்துவதே தெரியாமல் புண்ணாகிவிடும். மற்றவர்கள், அச்சு எப்படி எடுத்தார்கள், உறுத்தினால் எத்தனை நாள்வரை இலவசமாகத் திருத்தித் தருவார்கள் என்பதை முன்பணம் கட்டும் முன்பே பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.