டயப்பர் புண்: தேங்காய் எண்ணெயா, வாஸ்லினா, ஜிங்க் பேஸ்டா?

லேசான சிவப்புக்கு எதைப் பூசினாலும் ஆறிவிடும். கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விட்டாலே பாதி அடங்கிவிடும். தோல் உரிந்து, பளபளவென்று நீர் கசிந்து, கழுவத் தண்ணீர் பட்டதும் பிள்ளை விறைத்துக்கொண்டு அழும் நிலைக்கு வந்த பிறகுதான் எது நல்லது என்று உண்மையிலேயே தேடத் தொடங்குகிறோம். என் மகளுக்குப் பத்து மாதத்தில் காதுவலிக்காக ஆன்டிபயாடிக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. அதில் வந்த புண் அப்படிப்பட்டது. மாமியார் தேங்காய் எண்ணெய் என்றார். அம்மா பவுடர் போடச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா வாஸ்லினே போதும் என்றார். குழந்தை மருத்துவர் ஜிங்க் ஆக்சைடு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஏதோ ஒரு கட்டத்தில் பயன்படுத்திப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: புண் கடுமையாக இருந்தால் ஜிங்க் பேஸ்ட்தான். மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அது வேறு இடம்.

அந்தப் புண் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எதைப் பூசுவது என்பதில் பாதிக் குழப்பம் தீரும். ஈரத்தில் ஊறிய தோல் இளகிப் பலவீனமாகிறது, டயப்பர் உரசினாலே கிழிகிறது. அதற்கு மேல் மலத்தில் உள்ள கிருமிகள் சிறுநீரிலிருக்கும் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அதனால் அந்த இடத்தில் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால், மலத்தோடு வெளியே வந்த செரிமான நொதிகள் வேகம் பிடிக்கும். குடலுக்குள் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்க வேண்டிய நொதிகள் குழந்தையின் தோலைக் கரைக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கில் மலம் அவசரமாக வெளியேறுவதால் இந்த நொதிகள் இன்னும் அதிகமாக வந்து சேரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு, சோறு, பருப்பு, பழம் என்று ஆரம்பித்த பிறகு புண் வருவதும் இதனால்தான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் காரம் குறைவு.

ஆக, தேவைப்படுவது தோலுக்கும் மலத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு. பூசும் பொருள் அடுத்த மலம் வரும்போது அங்கேயே இருக்குமா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளந்தேன்.

பவுடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது தடுப்பே இல்லை. ஈரம் பட்டதும் தொடை இடுக்கில் திரண்டு, காய்ந்து, அந்தத் திரளே புண்ணை உரசும். தட்டும்போது கிளம்பும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குப் போவது அதைவிடப் பெரிய பிரச்சினை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும் டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டோம்.

மஞ்சள், வசம்பு பற்றியும் கேட்பார்கள். உரிந்த தோலில் இரண்டும் வேண்டாம். மஞ்சள் பூசினால் எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், புண் சிவந்திருக்கிறதா, பரவுகிறதா என்று பார்க்கவே முடியாமல் போகும்.

தேங்காய் எண்ணெய் விஷயம் அப்படியில்லை. அது நல்ல பொருள். புண் இல்லாத தோலுக்கு, தினமும் குளிக்க வைக்கும் முன் தேய்க்க, லேசான சிவப்பு தெரியும்போது தடவ அதைவிட எளிதாக எதுவும் கிடைக்காது. எரியாது, வாசனைக்காக எதுவும் கலக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயை நம்பித் தடவலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் அது தண்ணீராக ஓடும். தடவிய கொஞ்ச நேரத்தில் பாதி டயப்பரிலும் மீதி தோலுக்குள்ளும் போய்விடும். அடுத்த முறை டயப்பரைத் திறக்கும்போது விரலால் தொட்டுப் பாருங்கள், வழுவழுப்பே இருக்காது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை நீராகப் போகும் பிள்ளைக்கு அந்தப் படலம் தாங்காது.

வாஸ்லின் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லி எண்ணெயைவிடக் கெட்டி. தண்ணீரைத் தள்ளும், விலையும் குறைவு. நடுத்தரமான சிவப்புக்கு இதுவே போதும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரிதான். அவர் வீட்டு இரட்டைப் பிள்ளைகளும் அதிலேயே வளர்ந்தவர்கள். நீர் கசியும் புண்ணில்தான் சிக்கல். ஈரமான தோலில் ஜெல்லி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மறுமுறை துடைக்கும்போது மலத்தோடு சேர்ந்து மொத்தமும் வந்துவிடும். தோல் மறுபடி வெறுமையாகிவிடும்.

இனி ஜிங்க் பேஸ்ட். முதலில் குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள். டயப்பர் ராஷ் கிரீம் என்று விற்கும் எல்லாமே ஒன்றல்ல. சிலவற்றில் ஜிங்க் ஆக்சைடு 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சிலவற்றில் 40 சதவீதம் வரை இருக்கும். கடும் புண்ணுக்கு அளவு கூடியது வேண்டும். வாசனை கலக்காததாக இருக்க வேண்டும். கிரீம் என்றால் தேய்த்ததும் தோலில் மறைந்துவிடும். பேஸ்ட் மறையாது. விரலில் எடுத்தால் சுண்ணாம்புபோல் வெள்ளையாக நிற்கும், குழாயடியில் கையை நீட்டினாலும் எளிதில் போகாது. கை கழுவும்போது எரிச்சலூட்டும் அந்தக் குணம்தான் புண்ணுக்கு வேண்டியது.

பூசும் முறை: இடத்தைக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, சில நிமிடம் காற்றில் உலர விட வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் நிற்காது. பிறகு தேய்க்காமல் அப்ப வேண்டும். கீழே தோலின் நிறம் தெரியக் கூடாது, அந்தத் தடிமன். அதன் மேல் ஒரு பூச்சு வாஸ்லின். இல்லையென்றால் பேஸ்ட் டயப்பரில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும்.

இதுவரைக்கும் பலரும் சரியாகத்தான் செய்கிறார்கள். அடுத்த முறை டயப்பர் மாற்றும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலம் பட்டிருக்கிறது, வெள்ளைப் பேஸ்டோடு கலந்து அசிங்கமாகத் தெரிகிறது, உடனே எல்லாவற்றையும் சுத்தமாக வழித்தெடுத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். தண்ணீருக்குப் பேஸ்ட் போகாது. போகவில்லையே என்று அழுத்தித் தேய்ப்போம். அடியில் அப்போதுதான் மூடத் தொடங்கிய புதுத் தோல் அந்தத் தேய்ப்பில் உரிந்துவிடும். குழந்தை அலறும், மறுநாள் பார்த்தால் புண் அப்படியே இருக்கும், ‘இந்த மருந்து கேட்கவில்லை’ என்று அடுத்த மருந்துக்குப் போய்விடுவோம்.

எங்கள் மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: மேலே அழுக்கானதை மட்டும் எடுங்கள், அடியில் வெள்ளையாக இருப்பதைத் தொடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து மெல்ல ஊற்றி, நனைத்த பஞ்சால் மலத்தை மட்டும் ஒற்றி எடுத்து, விட்டுப்போன இடத்தில் புதிதாக ஒரு பூச்சு. அடிப்படலம் அப்படியே இருக்கும். நாளுக்கு ஒரு முறை, குளிப்பாட்டும் நேரத்தில் மட்டும் முழுவதையும் எடுத்துத் தோலைப் பார்க்கலாம். அதற்கும் தண்ணீரோ சோப்போ வேண்டாம். பஞ்சில் தேங்காய் எண்ணெய் நனைத்து அரை நிமிடம் வைத்தால் பேஸ்ட் இளகித் தானாக வழுக்கிக்கொண்டு வரும். மாமியாரின் எண்ணெய்க்குச் சரியான வேலை எங்கள் வீட்டில் இதில்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு அவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். என்னைவிட அவர் கை மெதுவானது.

புண் இப்படி உள்ள நாட்களில் கடையில் விற்கும் ஈரத் துடைப்பான்களை ஒதுக்கிவிடலாம். வாசனையும் பதப்படுத்தும் பொருளும் கலந்தவை உரிந்த தோலில் எரியும். பயணத்தில் வேறு வழியில்லை என்றால் வாசனையில்லாத, ஆல்கஹால் இல்லாத ஒன்று. வீட்டில் தண்ணீரும் பஞ்சும் போதும்.

டயப்பரா, துணியா என்ற சண்டை எல்லா வீட்டிலும் நடக்கும். பெரியவர்கள் ‘அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றி எறி, லங்கோடு கட்டு’ என்பார்கள். பகலில் அவர்கள் சொல்வது பலிக்கும், நனைந்த மறுகணமே அவிழ்க்க ஒரு ஆள் இருந்தால். ரப்பர் ஷீட் விரித்து, மேலே பழைய வேட்டித் துணி போட்டு, எதுவும் கட்டாமல் படுக்க விடுவது எல்லா மருந்துக்கும் சமம். ஆனால் தூளியைக் கவனியுங்கள். பிள்ளை அதில் மடங்கிப் படுக்கும்போது சிறுநீர் அடியில் தேங்கி, புண் இருக்கும் இடமே ஈரத்தில் ஊறும். இரவில் தூங்கும் நேரத்துக்கு நல்ல டயப்பர்தான் மேல். அதற்குள் இருக்கும் ஜெல் ஈரத்தைத் தோலிலிருந்து இழுத்து வைத்துக்கொள்கிறது, துணி அப்படி இழுக்காது. எங்கள் ஏற்பாடு பகலில் திறந்து விடுவது, இரவில் ஒரு அளவு பெரிய டயப்பரைத் தளர்வாகப் போடுவது. துணி கட்டுபவர்கள் கிருமிநாசினித் திரவம் கலந்து அலசுவதை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரில் கூடுதலாக ஒரு முறை அலசி வெயிலில் காயப்போட வேண்டும். துணியில் தங்கும் கிருமிநாசினியும் சோப்பும் புண்ணைக் கிளறும். மறுபடி மறுபடி துவைத்துப் பயன்படுத்தும் நவீனத் துணி டயப்பர்களை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. பேஸ்ட் ஒட்டினால் அவை ஈரம் உறிஞ்சுவது குறையும் என்பதால் நடுவில் ஒரு மெல்லிய துணி வைக்க வேண்டும் என்ற அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

பூஞ்சைத் தொற்று பற்றியும் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. என் மகளுக்கு அது இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னார். ஆனால் எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லிக் கொடுத்தார், அது முக்கியம். சாதாரண டயப்பர் புண் புடைத்த இடங்களில் இருக்கும், தொடை மடிப்பின் உள்பக்கம் பெரும்பாலும் தப்பித்துவிடும். பூஞ்சை என்றால் மடிப்புக்குள்ளேயே அடர்ந்த சிவப்பாக இருக்கும், சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் தெறித்ததுபோல் தள்ளித் தள்ளித் தெரியும். ஆன்டிபயாடிக் சாப்பிடும் பிள்ளைக்கும், சில நாட்களாக ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். அதற்கு ஜிங்க் மட்டும் போதாது. மருத்துவர் தரும் பூஞ்சை மருந்தை முதலில் மெல்லியதாகத் தடவி, அதன் மேல் பேஸ்ட் போட வேண்டும். நம் பிள்ளைகளின் நிறத்தில் சிவப்பு எப்போதும் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ தெரியலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் ‘பிள்ளைக்குப் புண்’ என்றதும் எடுத்துத் தரும் சில குழாய்களில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே நாளில் சிவப்பு அடங்குவதைப் பார்த்து மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் டயப்பர் மூடிய இடத்தில், அதுவும் உரிந்த தோலில், ஸ்டீராய்டு பல மடங்கு உள்ளே இறங்கும், தோல் மெலிந்துபோகும். சில நிலைகளில் மருத்துவரே மிக லேசான ஸ்டீராய்டைக் குறைந்த நாட்களுக்கு எழுதித் தருவதுண்டு. அது அவர் பார்த்து முடிவு செய்வது.

வீட்டு வைத்தியத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை இரண்டு, மூன்று நாள். அதற்குள் அழுகை குறைந்து, கசிவு நின்று, ஓரங்கள் காயத் தொடங்க வேண்டும். அப்படி ஆகவில்லை என்றாலும், காய்ச்சல் வந்தாலும், கொப்புளமோ சீழோ மஞ்சள் பொருக்கோ தெரிந்தாலும், இரத்தம் கசிந்தாலும், ஆசனவாயைச் சுற்றி மட்டும் வளையமாகச் சிவந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வாயைச் சுற்றியும் கைகால்களிலும் அதேபோல் புண் வந்தால் உடம்பில் துத்தநாகச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம், அது பூச்சால் தீராது. பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளை என்றால் எதையும் பூசும் முன்பே காட்டிவிடுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கவனியுங்கள். சிறுநீர் குறைந்தாலோ பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ புண்ணைவிட அது அவசரம்.

ஆறிய பிறகு அந்த இடம் சில வாரம் வெளுத்தோ கறுத்தோ இருக்கும். அதற்குத் தனியாக எதுவும் பூச வேண்டாம், தானாக மாறிவிடும். இப்போது எங்கள் வீட்டில் பகலுக்குத் தேங்காய் எண்ணெய், இரவு டயப்பருக்குள் வாஸ்லின். ஜிங்க் பேஸ்டை நீராகப் போகும் நாட்களில் மட்டும் வெளியே எடுக்கிறோம், புண் வருவதற்கு முன்பே.